ஜிம்மின் தாய் நல்ல தாயா? வழக்காடு மன்றத்துக்கு முன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரொபேர்ட் லூயிஸ் ஸ்டீவன்சனின் 'புதையல் தீவு' (நூலாக வந்தது 1883) நாவலின் நாயகன் ஜிம் ஹோக்கின்ஸ். அவனுடைய தாயைக் கூண்டில் ஏற்றி விசாரிக்கும் வழக்கு, திருகோணமலைப் பாடசாலைகளின் மன்றங்களுக்கும் வாசகர் வட்டங்களுக்கும் நன்றாகப் பொருந்தும். இரண்டு பக்கத்துக்கும் சரக்கு இருக்கிறது. ஆயத்தம் செய்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை, கேட்டபடியே கீழே தருகிறோம்.

அந்தக் கதையில அம்மா எங்க வாறா? எனக்கு ஞாபகமே இல்லையே.

நாவலில் 34 அத்தியாயங்கள். தாய் வருவது முதல் ஐந்திலும், பிறகு ஏழாவதின் முடிவில் ஓர் இரவும்தான். வழக்கின் உயிர் நாலாம் அத்தியாயம். அதோடு முதலாவதில் தகப்பனும் கப்டனும் காசு பற்றிப் பேசும் இடம், மூன்றாவதின் கடைசிப் பக்கங்கள், ஐந்தாவது, ஏழாவதின் கடைசிப் பகுதி ஆகியவற்றைப் படித்தால் போதும்.

சிறுவர்களுக்குச் சுருக்கிய பதிப்பை மட்டும் நம்பி மேடை ஏறாதீர்கள். சுருக்கும்போது முதலில் வெட்டுப்படுவது தாயின் பேச்சுத்தான். மற்றத் தரப்பு முழுப் பதிப்போடு வந்தால் உங்கள் வாதம் அங்கேயே முடிந்துவிடும்.

அண்டைக்கு இரவு என்னதான் நடந்தது? சுருக்கமாச் சொல்லுங்கோ.

'அட்மிரல் பென்போ' என்பது இங்கிலாந்துக் கடற்கரையில் ஒதுக்குப்புறமாக நிற்கும் ஒரு விடுதி. கீழே தவறணை, மேலே அறைகள். அங்கே பில்லி போன்ஸ் என்ற பழைய கடற்கொள்ளைக்காரன் மாதக்கணக்கில் தங்கிக் குடிக்கிறான். அவனைத்தான் எல்லோரும் கப்டன் என்கிறார்கள். வாசலில் மூன்று நாலு பொற்காசை எறிந்ததோடு சரி, பிறகு காசு தருவதில்லை. ஜிம்மின் தகப்பன் நோயில் இறக்கிறார். அடக்கம் முடிந்த மறுநாள் பின்னேரம் மூன்று மணியளவில் பியூ என்ற குருடன் வந்து கப்டனின் கையில் 'கறுப்புப் பொட்டு' என்ற எச்சரிக்கைக் கடதாசியைத் திணித்துவிட்டுப் போகிறான். கெடு இரவு பத்து மணி. கப்டன் அதிர்ச்சியில் அங்கேயே விழுந்து சாகிறான்.

தாயும் மகனும் பக்கத்துக் குக்கிராமத்துக்கு ஓடி உதவி கேட்கிறார்கள். தூரம் சில நூறு யார்தான். ஆனால் டச் பேயில் நிற்பவருக்குக் கோட்டை முனை மற்றப் பக்கத்துக் குடாவை மறைப்பதுபோல, அந்தக் கிராமம் விடுதியிலிருந்து கண்ணுக்குத் தெரியாது. டொக்டரிடம் குதிரையில் போய்ச் சொல்லச் சிலர் ஆயத்தம். விடுதிக்குக் கூட வர ஒருவரும் இல்லை. 'நீங்கள் வராவிட்டால் நானும் ஜிம்மும் போவோம்' என்று தாய் சொல்லி, அயல் பெண்ணொருத்தியிடம் ஒரு பையை இரவல் வாங்கிக்கொண்டு திரும்புகிறாள். ஜிம்முக்குத் தோட்டா ஏற்றிய கைத்துப்பாக்கி ஒன்றைக் கொடுத்து அனுப்புகிறார்கள். இருவரும் கப்டனின் பெட்டகத்தைத் திறந்து, அவன் விடுதிக்குத் தரவேண்டிய காசை எண்ணி எடுக்கும்போது பியூவின் கூட்டாளிகளான கொள்ளையர் நெருங்குகிறார்கள். பாதிக் கணக்கோடு ஓடும் வழியில் தாய் மயங்கி விழ, ஜிம் அவளை ஒரு சின்னப் பாலத்தின் அடியில், நம்மூர் மதகு போன்ற இடத்தில், இழுத்து ஒதுக்குகிறான்.

அவட பேர் சாராதானே?

இல்லை. சாரா என்பது டிஸ்னியின் 2002ஆம் ஆண்டு அனிமேஷன் படமான 'ட்ரெஷர் பிளனெட்'டில் வைத்த பெயர். நாவலில் அவளுக்குப் பெயரே இல்லை; ஜிம்முக்கு அம்மா, மற்றவர்களுக்கு ஹோக்கின்ஸின் பெண்சாதி. மேடையில் 'திருமதி ஹோக்கின்ஸ்' என்றே அழையுங்கள்.

ஜிம்முக்கு எத்தினை வயசு? பன்னிரண்டா, பதினாறா?

நாவலில் வயது சொல்லப்படவில்லை. ஆகவே 'பன்னிரண்டு வயதுப் பிள்ளையை' என்று வழக்கைத் தொடங்கினால், எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்ற ஒற்றைக் கேள்வியில் விழுந்துவிடுவீர்கள். சொல்லக்கூடியது இவ்வளவுதான்: அவன் தவறணையில் வேலை செய்கிறான், பெரியவர்கள் நம்பித் துப்பாக்கி கொடுக்கும் அளவுக்கு வளர்ந்திருக்கிறான், கப்பலில் எடுபிடிப் பையனாகச் சேர்க்கும் அளவுக்குச் சின்னவன்.

காசுக்காகப் பெத்த பிள்ளையைச் சாகக் குடுக்கப் பார்த்தவ எண்டு சொல்லலாமோ?

சொல்லலாம், ஆனால் வழக்கு நிற்காது. பலரும் அந்த இரவை ஒரே முடிவாகப் பார்ப்பதால்தான் வாதம் குழம்புகிறது. அங்கே மூன்று முடிவுகள் உண்டு: விடுதிக்குத் திரும்பியது, மகனைக் கூட்டிப்போனது, ஆபத்து நெருங்கிய பிறகும் எண்ணிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றையும் தனித்தனியாக நிறுக்க வேண்டும்.

திரும்பியது பிழை என்று எங்களுக்குப் படவில்லை. புருஷன் போன மறுகிழமை கூட ஆகவில்லை. கையில் இருப்பது வரவேண்டிய காசு வராத ஒரு விடுதி. தகப்பனில்லாத என் பிள்ளைக்கு உரிய காசை விடமாட்டேன் என்பதுதான் கிராமத்தில் அவள் சொன்ன நியாயம். கோபத்தில் சொன்னாலும் அது பிள்ளையின் பேரில் சொன்ன நியாயம்.

மகனைக் கூட்டிப்போனதுதான் குற்றத்தரப்பின் கூர்மையான ஆயுதம். கிராமத்தில் நெருப்பும் வெளிச்சமுமாக வீடுகள் இருந்தன. பை இரவல் தந்த பெண்ணிடமே பிள்ளையையும் விட்டுப் போயிருக்கலாம். அவள் அதை யோசித்ததாகக் கதையில் ஒரு வரி இல்லை. தாய்க்காகப் பேசும் எதிர்த்தரப்புக்கு ஒரே பதில்தான் கிடைக்கும்: பிணத்தைத் தொட்டுச் சாவியை எடுக்க அவளால் ஏலவில்லை, கழுத்துக் கயிற்றை அறுத்து எடுத்தவன் ஜிம். ஆனால் மேலே போய் இறுகிய பூட்டைத் திறந்தது அவளேதான். கை கொடுக்க ஆள் வேண்டும் என்பது சாவியோடு முடிந்துவிடுகிறது என்று குற்றத்தரப்பு திருப்பி அடிக்கும். மூன்றாவது முடிவுக்கு அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

பத்து மணி வரைக்கும் நேரம் இருந்ததே. பிறகு ஏன் அவவில பிழை?

நல்ல கேள்வி. சாவி தேடும்போது ஜிம் தரையில் கிடந்த கடதாசியில் 'இரவு பத்து' என்று வாசிக்கிறான். அந்த நேரம் வீட்டு மணிக்கூடு ஆறு அடிக்கிறது. ஆகவே எண்ணத் தொடங்கும்போது நாலு மணித்தியாலம் கையில் இருப்பதாக அவள் நினைத்தது நியாயம். கொள்ளையர் கெடுவை மதிப்பார்கள் என்று நம்பியது வெகுளித்தனம். ஆனால் வெகுளித்தனம் குற்றமல்ல.

எண்ணிக்கை பாதியில் நிற்கும்போதுதான் நிலைமை மாறுகிறது. பனி உறைந்த பாதையில் குருடனின் தடி தட்டும் சத்தம். அது கிட்ட வருகிறது, கதவில் அடிக்கிறது, கைப்பிடி திரும்புகிறது, தாழ்ப்பாள் கிலுகிலுக்கிறது. பிறகு தட்டிக்கொண்டே தூரப் போகிறது. உள்ளிருந்து பூட்டிய கதவு அவனுக்குச் சந்தேகம் கொடுத்திருக்கும் என்று ஜிம்முக்கு உடனே விளங்குகிறது. முழுவதையும் எடுத்துக்கொண்டு போவோம் என்கிறான். தாயோ, இன்னும் ஏழு மணி கூட ஆகவில்லை, என் உரிமை எனக்குத் தெரியும் என்று வாதாடுகிறாள். மலைப்பக்கம் விசில் கேட்டபின்தான் எழும்புகிறாள்.

தடிச் சத்தத்துக்கும் விசிலுக்கும் இடையிலுள்ள அந்தச் சில நிமிடங்களுக்குத்தான் அவளை நாங்கள் குற்றவாளி என்போம். அதற்கு முன் அவளுக்குத் தெரிந்ததை வைத்து எடுத்த முடிவு. அதற்குப் பின் தெரிந்தும் அசையாத பிடிவாதம். குற்றத்தரப்புப் பேச்சாளர் தன் நேரத்தில் பாதியை இங்கேயே செலவழிக்கலாம்.

முழுப் பையையும் தூக்கிக்கொண்டு ஓடுறதுதானே? என்ன எண்ணுறது?

பெட்டகத்துக்குள் கிடந்த கப்டனின் பையில் இருந்தது பல நாட்டுக் காசு: ஸ்பானியப் பொற்காசு, பிரெஞ்சுக் காசு, எட்டு ரியால் வெள்ளிக்காசு, இங்கிலாந்தின் கினி. ஒரு கினி 21 ஷில்லிங். அவளுக்கு மதிப்புத் தெரிந்தது கினி ஒன்றுதான். பையில் மிகக் குறைவாக இருந்ததும் அதுவே. வெளிநாட்டிலிருந்து வந்தவர் விட்டுப்போன பையில் திர்ஹமும் ரியாலும் தினாரும் கலந்து கிடக்க, நீங்கள் இலங்கைக் காசை மட்டும் பொறுக்கிக் கடனுக்குக் கழிப்பதுபோல. அதுவும் மெழுகுதிரி வெளிச்சத்தில்.

முழுவதையும் எடுத்தால் அது களவு என்பது அவள் கணக்கு. வரவேண்டியதற்கு மேல் ஒரு காசும் வேண்டாம், குறையவும் விடமாட்டேன். இரண்டும் ஒரே குணத்தின் இரண்டு பக்கம். நேர்மை வேறு, பிடிவாதம் வேறு என்று பிரித்துப் பேசும் பேச்சாளர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

மேடையில் இதைச் செய்து காட்டலாம். 1, 2, 5, 10 ரூபாய்க் குற்றிகளாக நூறு எடுத்து ஒரு சீலைப் பையில் கலந்து போடுங்கள். ஐந்து ரூபாய்க் குற்றிகள் இருபதுக்கு மேல் வேண்டாம். விளக்கை அணைத்து, ஒரு மெழுகுதிரி வெளிச்சத்தில் ஐந்து ரூபாயை மட்டும் பொறுக்கி 75 ரூபாய் சேர்க்கச் சொல்லுங்கள். பாதியில் யாராவது தடியால் தரையில் தட்டட்டும். எண்ணுபவர் கணக்கைத் தவறவிட்டுத் திரும்ப ஒன்றிலிருந்து தொடங்குவதைச் சபையே பார்க்கும். எண்ணுபவருக்கு முன்கூட்டி ஒத்திகை கொடுக்க வேண்டாம், கை பழகினால் காட்சி செத்துவிடும்.

நேரகாலம் பார்த்து மயங்கி விழுந்திட்டாவே. அது நடிப்போ?

நடிப்பு என்பதற்குக் கதையில் இடமில்லை. புருஷனை அடக்கம் பண்ணி ஒரு நாள், வீட்டில் இன்னொரு பிணம், பின்னால் துரத்தும் ஆட்கள். விழுமுன் அவள் சொன்னதைக் கவனியுங்கள்: காசை எடுத்துக்கொண்டு நீ ஓடு, எனக்கு மயக்கம் வருகிறது. எதிர்த்தரப்பு முடிவுரைக்கு வைத்துக்கொள்ள வேண்டிய வரி இது. சில நிமிடம் முன்பு காசுக்காக எழும்ப மறுத்தவள், தன்னை விட்டுவிட்டுப் போகச் சொல்கிறாள்.

ஜிம் ஓடவில்லை. தாயை இழுத்துப்போய்ப் பாலத்தின் அடியில் கிடத்துகிறான். மறைக்க முடியவில்லை, அவள் கிட்டத்தட்ட முழுதாக வெளியே தெரிகிறாள். இப்படி ஒரு பிள்ளையை வளர்த்தவள் யார் என்று எதிர்த்தரப்பு ஒரு தரம் கேட்டால் போதும். இரண்டு தரம் கேட்டால் அழுகை நாடகமாகிவிடும்.

ஜிம்மே அம்மாவைத் திட்டுறானே. அவன்ட சாட்சி காணாதோ?

பாலத்தடிக்கு முந்தின நிமிடம், தாயின் நேர்மைக்கும் பேராசைக்கும், முந்திய அசட்டுத் துணிவுக்கும் இப்போதைய பலவீனத்துக்குமாக அவளை மனத்துள் எவ்வளவு கடிந்துகொண்டேன் என்று ஜிம் எழுதுகிறான். நாலு குற்றச்சாட்டு, அவற்றில் ஒன்று நேர்மை! பயந்த பிள்ளை ஒருவனின் கோபம் இது என்று வளர்ந்த ஜிம்முக்கே தெரியும். அதனால்தான் 'பாவம் என் அம்மா' என்றும் சேர்த்துக்கொள்கிறான்.

சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய இரண்டு கேள்வி. ஒன்று: கப்டன் பற்றி உனக்குத் தெரிந்ததைத் தாயிடம் எப்போது சொன்னாய்? கப்டன் செத்த பிறகுதான்; முன்பே சொல்லியிருக்க வேண்டும் என்று அவனே ஒப்புக்கொள்கிறான். ஒற்றைக் கால் மாலுமி ஒருவன் வருகிறானா என்று கவனித்துச் சொல்லக் கப்டனிடம் மாதம் ஒரு வெள்ளிக்காசு வாங்கியதும் அவன்தான். இரண்டு: பெட்டகத்திலிருந்து கணக்குக்கு மேல் எடுத்தது யார்? தாய் பாதிக் கடனோடு எழும்பியபோது, கணக்கைச் சரிக்கட்ட என்று எண்ணெய்த்துணிப் பொதியைத் தூக்கியவன் ஜிம். அதற்குள் இருந்ததுதான் புதையல் வரைபடம்.

அப்பாவை ஏன் ஒருத்தரும் கூண்டில ஏத்துறதில்ல?

ஏற்ற வேண்டும். அந்தக் கடன் மாதக்கணக்கில் வளர்ந்தது தகப்பன் உயிரோடு இருந்தபோது. காசு கேட்க வாய் திறந்தால் கப்டன் மூக்கால் சீறுவான், அவர் அறையை விட்டு வெளியேறிவிடுவார். மாதக்கணக்கில் கேட்கப்படாத கடனை ஒரு மணித்தியாலத்துக்குள் வசூலிக்க வேண்டி வந்தது பெண்சாதிக்கு. நோயாளி, நல்ல மனுசன், உண்மைதான். ஆனால் 'ஆபத்தை வீட்டுக்குள் வைத்திருந்தது யார்' என்ற கேள்வி அவர் பக்கம்தான் போகும்.

கடலுக்கு அனுப்பினதுதான் பெரிய பிழை எண்டு எங்கட ரீச்சர் சொல்லுறா.

அனுப்பினாள் என்பதே கதையில் இல்லை. பயணத்தைத் தீர்மானிப்பது ஊர்ப் பெரியவர் ட்ரெலோனியும் டொக்டர் லிவ்சியும். தாயிடம் சம்மதம் கேட்கும் காட்சி எழுதப்படவில்லை. ஜிம் ஓர் இரவு வீட்டுக்குப் போய் வரும்போது, கொள்ளையர் நாசமாக்கிய விடுதியை ட்ரெலோனி திருத்திக் கொடுத்திருக்கிறார், பெயர்ப்பலகைக்குப் புது மை, தவறணையில் தாய்க்கு அழகான சாய்மனைக் கதிரை. கூடவே, ஜிம் இல்லாத காலத்துக்கு உதவியாக ஒரு பையன். அந்தப் பையனைக் கண்டபோதுதான் ஜிம்முக்குத் தன் நிலை விளங்கி அழுகை வருகிறது. எங்களுக்கு முழு நாவலிலும் மிகவும் சங்கடமான இடம் இதுதான்: ஒரு கதிரையும் ஒரு மாற்றுப் பையனும், பிள்ளையின் இடம் நிரம்பிவிட்டது.

ஆகவே குற்றத்தரப்பு 'அவள் தடுத்ததாக எழுதவில்லை' என்று சொல்லலாம். 'சம்மதித்தாள்' என்று சொல்லக்கூடாது. எதிர்த்தரப்பு 'விடுதி நாசமாகிக் கிடந்தபோது திருத்திக் கொடுத்தவருக்கு ஒரு விதவை எப்படி மறுப்பாள்' என்று கேட்கலாம்; 'அழுது தடுத்தாள்' என்று சேர்க்கக்கூடாது.

ஸ்டீவன்சனுக்குப் பொம்பிளையள் கதையில வாறது விருப்பமில்லையாமே?

1881இல் தன் பெறாமகன் லோயிட்டுக்காக எழுதத் தொடங்கிய கதை இது. கதையில் பெண்கள் வேண்டாம் என்பது லோயிட்டின் கட்டளை என்று ஸ்டீவன்சன் நண்பருக்குக் கடிதத்தில் எழுதினார். அந்தக் கட்டளையையும் மீறி வந்த ஒருத்திதான் இவள். கப்பல் புறப்படுமுன் அவளைக் கரையில் விட்டாக வேண்டும் என்பது கதையின் தேவை. சாகசக் கதைகளில் பெற்றோர் சாவார்கள், அல்லது வீட்டில் நிற்பார்கள். இல்லாவிட்டால் பிள்ளையைத் தீவுக்குப் போகவே விடமாட்டார்கள். இதை வாதமாக வைத்தால் நடுவருக்குப் பிடிக்கும், ஆனால் தீர்ப்புக்கு உதவாது.

எங்கட மூதூரில பிடிபட்ட நொக்ஸ்ட கதையோட ஒப்பிடலாமோ?

ஒப்பிடலாம், அது உண்மை வரலாறு என்பதைச் சொல்லிவிட்டு. 1660இல் கொட்டியார் குடாவில் கப்பல் திருத்த வந்த ஆங்கிலேயக் கப்டன் நொக்ஸ் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டார். மகன் ரொபேர்ட் நொக்ஸுக்கு அப்போது 19 வயது. கப்பலுக்குச் செய்தி கொண்டுபோக அவனை விட்டார்கள். தப்பிப் போயிருக்கலாம், தகப்பனிடமே திரும்பி வந்தான். தகப்பன் அடுத்த வருடம் காய்ச்சலில் இறந்தார். மகன் தப்பியது 1679இல். பெற்றவரை விட்டு ஓடாத பிள்ளை என்ற ஒற்றுமைக்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

புறநானூற்றுத் தாயையும் குந்தியையும் இழுக்கலாமோ?

புறநானூறு 279இல் ஒக்கூர் மாசாத்தியார் காட்டும் தாய், முந்தின நாள் கணவனைப் போரில் இழந்தவள், பறை கேட்டதும் ஒரே மகனுக்குத் தலைவாரி வேல் கொடுத்து அனுப்புகிறாள். அவளைப் போற்றிவிட்டு இவளைத் தூற்றுவது எப்படி என்று எதிர்த்தரப்பு கேட்கலாம். குற்றத்தரப்பின் பதிலும் சுலபம்: அது நாட்டுக்காக, இது கடனுக்காக. பரவாயில்லை, இவள் அனுப்பவில்லை, கூடவே போனாள் என்று எதிர்த்தரப்பு முடிக்கலாம்.

குந்தியைத் தவிருங்கள். கர்ணன் பெயர் எழுந்தால் சபை முழுதும் அங்கேயே போய்விடும், ஜிம்மின் தாய் பாலத்தடியிலேயே கிடப்பாள்.

ஒரு பாடவேளைக்குள்ள எப்படி நடத்துறது?

40 நிமிடத்தில் முடிக்கலாம். குற்றப்பத்திரம் வாசிக்க 2 நிமிடம். மேலே சொன்ன மூன்று முடிவுகளையும் மூன்று குற்றமாக எழுதுங்கள். இரு தரப்புத் தொடக்கவுரை தலா 4. சாட்சிகள் ஜிம், கிராமத்தவர் ஒருவர், டொக்டர் லிவ்சி, ஆளுக்கு 4 நிமிடம், குறுக்கு விசாரணையும் அதற்குள். தாய்க்கு 5. முடிவுரை தலா 3. மிச்சம் 7 நிமிடம் தீர்ப்புக்கும் சபையின் சத்தத்துக்கும்.

வழக்கமாகக் கெட்டுப்போவது சாட்சிகளில்தான். கதையில் இல்லாததைச் சாட்சி சொல்லத் தொடங்கினால் நிற்காது. அத்தியாய எண் சொல்ல முடியாத பதிலை நடுவர் தள்ளலாம் என்று முதலிலேயே விதி வையுங்கள்.

அப்ப நீங்க என்ன தீர்ப்புச் சொல்லுவீங்க?

முதல் குற்றத்தில் விடுதலை. இரண்டாவதில் கண்டனம்: பிள்ளையைக் கிராமத்தில் விட்டிருக்க வேண்டும். மூன்றாவதில் குற்றவாளி, ஆனால் தடிச் சத்தத்துக்குப் பிறகான நிமிடங்களுக்கு மட்டும். நல்ல தாய், ஆபத்தை அளக்கத் தெரியாத தாய். உங்கள் நடுவர் வேறு மாதிரி நினைத்தால் அதற்கும் நாலாம் அத்தியாயத்தில் இடம் உண்டு.

கடைசியில அவவுக்கு அந்தக் காசு முழுக்கக் கிடைச்சதோ?

மயக்கம் தெளிந்து எழும்பிய பிறகும் மீதிக் காசை நினைத்துப் புலம்பிக்கொண்டிருந்தாள் என்று ஐந்தாம் அத்தியாயம் சொல்கிறது. கதையின் முடிவில், தீவில் விடப்பட்டிருந்த பென் கன் ஆயிரம் பவுணை 19 நாளில் முடித்தது வரை எழுதியிருக்கிறது. தாயின் கணக்கில் மிச்சமிருந்த பாதி பற்றி ஒரு வரியும் இல்லை.